கைபேசி எச்சரிக்கைக்குச் சட்டம் போட்டால் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸ் தப்புமா?

ரோஸ்ஹில்காரன்:
அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2018-ல் ஒரு சட்டம் போட்டது. மின்சார, தண்ணீர்க் கணக்குகளில் உள்ள தொலைபேசி எண்களை வாங்கி, மாவட்ட நிர்வாகமே மக்களை எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடலாம், வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளலாம். காரணம், 2017 அக்டோபர் காட்டுத்தீ. எல்லாக் கைபேசிக்கும் செய்தி போனால் சாலைகள் அடைத்துக்கொள்ளும் என்று பயந்து, அங்குள்ள சோனோமா மாவட்ட அதிகாரிகள் அனுப்பாமலே விட்டார்கள். இங்கும் அப்படிச் சட்டம் வேண்டும். 2024 ஜனவரி 15, பெலால் புயல் மறந்துபோச்சா?

துறைமுகத்தெரு:
எப்படி மறக்கும் தம்பி? கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கினேன், தண்ணீர் முழங்காலைத் தொட்டுவிட்டது. எதிரே ஒரு வெள்ளை வேன் தானாகத் திரும்பி, முன்னால் நின்ற கார்மேல் ஏறிக்கொண்டது. சரி, செய்தி வராததாலா கடைக்குப் போனேன்? ரேடியோ கேட்டுவிட்டுத்தான் போனேன். புயல் எச்சரிக்கையில் மூன்றாம் படி, அதாவது கிளாஸ் 3, வந்தால்தான் வேலை நிற்கும் என்று இருந்தோம். அந்த கிளாஸ் எல்லாம் மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றுக்குப் போட்ட கணக்கு. மழைக்கு? 2013 மார்ச் 30-ல் புயலே கிடையாது. கோடன் சுரங்கப்பாதையிலும் ஒரு கட்டடத்தின் நிலத்தடி வாகன நிறுத்தத்திலும் சிக்கியவர்கள் உட்பட 11 பேர் போனார்கள். பேரிடர்ச் சட்டம் 2016-லேயே வந்தாச்சு. அப்புறமும் கார்கள் மிதந்தனவே!

தமிழ்வாத்தியார்:
அண்ணன் சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரி 13 காலை ஹவாயில் "ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அல்ல" என்று எல்லாக் கைபேசியும் அலறியது. தவறு என்ற செய்தி வர 38 நிமிடம் ஆனது. இரண்டு தடவை புலி வருது என்றால், மூன்றாம் தடவை யார் எழுந்து ஓடுவார்?

ரோஸ்ஹில்காரன்:
அதனால்தான் சட்டம் கேட்கிறேன் சார். யார் அனுப்புவது, யார் சரிபார்ப்பது, எத்தனை நிமிடத்தில் திருத்துவது எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கைபேசிக் கோபுரத்திலிருந்து அந்த வட்டாரக் கைபேசிகளுக்கு நேராக ஒலிபரப்பினால் யார் எண்ணும் தேவையில்லை. டெக்சாஸில் 2025 ஜூலையில் குவாடலூப் ஆற்று வெள்ளத்துக்குப் பிறகுதான் வெள்ள எச்சரிக்கை சைரன் சட்டமே வந்தது. நாமும் இன்னும் சாவு விழுந்த பிறகுதான் எழுதணுமா?

துறைமுகத்தெரு:
எழுதுங்கள், வேண்டாம் என்றா சொன்னேன்? எத்தனை மில்லிமீட்டர் மழைக்கு அனுப்புவது, அனுப்பாவிட்டால் எந்தப் பதவிக்காரர் பதில் சொல்வது என்று அதில் இருக்கணும். பொத்தானை அழுத்த வேண்டியவர் மேலிடத்து அனுமதிக்குக் காத்திருந்தால், உங்கள் கோபுரம் என் ஷட்டருக்கு எதற்கு?

தமிழ்வாத்தியார்:
செய்தி எந்த மொழியில் என்பதையும் எழுதணும். பிரெஞ்சு, ஆங்கிலம் மட்டும் என்றால் என் அம்மா எங்கள் எவரையாவது கூப்பிட்டுத்தான் கேட்பார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வருவது கிரியோல்தான்.

ரோஸ்ஹில்காரன்:
இது நான் யோசிக்காதது சார். ஆனால் அந்தப் பொத்தான் விஷயத்தில் அண்ணனோடு இன்னும் சண்டை இருக்கு.