தூத்துக்குடியில் நன்றாக வந்த பட்டர் கேக் ஊட்டியில் நடுவில் குழிந்துபோகிறது: உதவி தேவை

கடற்கரைக்காரி:

பத்து வருடங்களாக வீட்டில் கேக் செய்கிறேன். தூத்துக்குடியில் இருந்தவரை என் பட்டர் கேக் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் தெருவில் எட்டு வீடுகளுக்கு அதுதான் போகும். கணவருக்கு மாற்றலாகி ஜூன் மாதம் ஊட்டிக்கு வந்தோம். வந்ததிலிருந்து ஐந்து முறை செய்துவிட்டேன். ஐந்திலும் நடுவில் குழி.

ஓவனில் வைத்த இருபதாவது நிமிடமே டின்னின் விளிம்பைத் தாண்டி எழும்பிவிடுகிறது. அப்போது பார்த்தால் ஆசையாக இருக்கும். முப்பதாவது நிமிடம் நடுப்பகுதி மெல்ல இறங்கத் தொடங்கும். வெளியே எடுக்கும்போது சுற்றிலும் கரை, நடுவில் குளம். வெட்டிப் பார்த்தால் மேலே பெரிய பெரிய ஓட்டைகள், அடியில் களி போல ஒரு பட்டை.

என் அளவு இதுதான்: மைதா 250 கிராம், வெண்ணெய் 250, பொடித்த சர்க்கரை 250, முட்டை 4, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, பால் 2 மேசைக்கரண்டி. 8 அங்குல டின், 170 டிகிரி, 50 நிமிடம். ஓ.டி.ஜி. (மேசை மேல் வைக்கும் மின்சார ஓவன்), டின், தராசு எல்லாம் ஊரிலிருந்து கொண்டுவந்தவை. மாறியது ஊர் மட்டும்தான்.

'ஓவனை இடையில் திறந்தீர்களா' என்று மட்டும் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். திறக்கவில்லை. மகன் இதற்கு எரிமலை கேக் என்று பெயர் வைத்துவிட்டான். மாமியார் அந்தக் குழியில் ரவா கேசரியை நிரப்பி எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். சாப்பிட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது கேசரிக் கிண்ணம் இல்லை.

சிங்காநல்லூர் சமையலறை:

பேக்கிங் பவுடர் பழையதாக இருக்கும். ஒரு தேக்கரண்டி எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். நுரைத்து எழும்பாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். அதற்குள் அவசரம் என்றால் அரைத் தேக்கரண்டி கூட்டிப் போடுங்கள்.

கடற்கரைக்காரி:

புது டப்பாதான். வெந்நீரில் நன்றாகவே நுரைக்கிறது. அரைத் தேக்கரண்டி கூட்டிப் போட்டதுதான் என் நான்காவது கேக். ஐந்திலும் அதில்தான் குழி ஆழம்.

கரும்பலகை:

நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள், அக்கா. கூட்டியபோது குழி ஆழமானது என்றால் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவன். கேக் செய்யத் தெரியாது, சாப்பிடத் தெரியும். காரணத்தை மட்டும் சொல்கிறேன்.

தூத்துக்குடி கடல் மட்டத்தில் இருக்கிறது. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். மாவின் மேல் அமர்ந்து அழுத்தும் காற்று குறைந்துவிட்டதால், அதே 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு இங்கே சுமார் 30 சதவீதம் கூடுதல் இடத்தைப் பிடிக்கிறது. குமிழிகள் அளவுக்கு மீறி ஊதுகின்றன. முட்டையும் மைதாவும் வெந்து கெட்டிப்படுவதற்கு முன்பே சுவர் மெலிந்து உடைந்துவிடுகின்றன. நீங்கள் பார்த்த பெரிய ஓட்டைகள் உடைந்த குமிழிகள்தான்.

இரண்டாவது விஷயம் தண்ணீர். ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மாவில் உள்ள ஈரம் சீக்கிரம் ஆவியாகிப் போகிறது. ஈரம் போகப்போக மிஞ்சிய மாவில் சர்க்கரையின் அடர்த்தி கூடுகிறது. சர்க்கரை கூடினால் கேக் கெட்டிப்பட இன்னும் அதிகச் சூடு கேட்கும். எழும்புவது அவசரம், வேகுவது தாமதம். குழிக்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

பருப்பு வேக நேரமாகிறதா என்று பாருங்கள். அதுவும் இதே கதைதான்.

கடற்கரைக்காரி:

ஐயோ, பருப்பு! வந்த முதல் வாரமே மளிகைக் கடைக்காரரிடம் பழைய துவரம்பருப்பு கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே 'ஊருக்குப் புதுசா அம்மா, இரண்டு விசில் கூட வையுங்கள்' என்றார். குக்கருக்கும் கேக்குக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

குன்னூர் மாஸ்டர்:

தம்பி சொன்ன கணக்கு எனக்குப் புரியாது, ஆனால் முடிவு சரி. நாற்பது வருடம் பேக்கரியில் நின்றவன் நான். சமவெளியிலிருந்து வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் முதல் வாரம் இதே பள்ளத்தில்தான் விழுவார்கள்.

அம்மா, உங்கள் அளவை இப்படி மாற்றுங்கள். பேக்கிங் பவுடர் ஒன்றேகால் தேக்கரண்டி போதும்; தலை தட்டி அளக்க வேண்டும், குவித்து அள்ளக் கூடாது. சர்க்கரை 215 கிராம். வெண்ணெயும் 225 போதும், ஏனென்றால் கொழுப்பு கூடினாலும் கேக்குக்கு இடுப்பு நிற்காது. மைதாவில் இரண்டு மேசைக்கரண்டி கூட்டுங்கள். முட்டை நான்கு பெரியதாக இருக்கட்டும், சிறியதென்றால் ஐந்து போடுங்கள். பால் 2 மேசைக்கரண்டிக்குப் பதில் 5. சூடு 180. நேரம் 40 நிமிடம் ஆனதும் குச்சி விட்டுப் பார்க்கத் தொடங்குங்கள். டின்னில் பாதிக்கு மேல் மாவு ஊற்றாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பயமாக இருந்தால் முதலில் பேக்கிங் பவுடரையும் சூட்டையும் மட்டும் மாற்றுங்கள். பாதி நோய் அதிலேயே போய்விடும்.

சிங்காநல்லூர் சமையலறை:

நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு மலைக்கு வைத்தியம் சொல்லியிருக்கக் கூடாது.

கடற்கரைக்காரி (மூன்று நாள் கழித்து):

மாஸ்டர் ஐயா, உங்கள் அளவை ஒரு கிராம்கூட மாற்றாமல் செய்தேன். குழி போய்விட்டது! மேலே சமதளமாக, நடுவில் லேசான வெடிப்போடு வந்தது. மகனுக்குத்தான் ஏமாற்றம்.

ஆனால் அடியிலிருக்கும் அந்தக் களிப் பட்டை அப்படியே இருக்கிறது. முன்பைவிடக் கொஞ்சம் மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான். கேக்கும் கனமாக இருக்கிறது. வெண்ணெயையும் சர்க்கரையையும் பீட்டரில் எட்டு நிமிடம் அடித்தேன். முட்டை சேர்த்ததும் மாவு திரிந்த பால் போல ஆகிவிட்டது. ஊரில் இப்படி ஆனதே இல்லை.

கோத்தகிரி மருமகள்:

அக்கா, வெண்ணெயை எத்தனை மணிக்கு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்தீர்கள்?

கடற்கரைக்காரி:

காலை எட்டுக்கு. மாவு அடித்தது பதினொரு மணிக்கு. மூன்று மணி நேரம் சமையல் மேடையில் இருந்தது. ஊரில் அரை மணி நேரம் வைத்தாலே உருகி ஓடிவிடும்.

கோத்தகிரி மருமகள்:

இந்த மழையில் உங்கள் சமையலறை 14, 15 டிகிரிதான் இருக்கும். மூன்று மணி நேரம் என்ன, மூன்று நாள் வைத்தாலும் வெண்ணெய் அதற்கு மேல் இளகாது. சமையல் குறிப்பில் 'அறை வெப்பநிலை' என்று எழுதுகிறவர்கள் எந்த அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்களோ! வெண்ணெய் 18 முதல் 20 டிகிரி வரை இருந்தால்தான் சர்க்கரையோடு சேர்ந்து காற்றைப் பிடிக்கும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் பளபளவென்று எண்ணெய் விடக் கூடாது.

நான் செய்வது இதுதான். வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பாத்திரத்தில் போட்டு, அந்தப் பாத்திரத்தை வெதுவெதுப்பான நீர் இருக்கும் அகலத் தட்டில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து எடுப்பேன். முட்டைகளை உடைக்காமல் கை பொறுக்கும் சூட்டு நீரில் பத்து நிமிடம் போட்டு வைப்பேன். குளிர்ந்த முட்டை பட்டதும் வெண்ணெய் இறுகித் தண்ணீரும் கொழுப்பும் பிரிந்துவிடுகிறது. உங்கள் மாவு திரிந்தது அதனால்தான். பிரிந்த மாவு ஓவனில் அடியில் போய்த் தங்கிவிடும். பாலையும் வெதுவெதுப்பாகவே ஊற்றுங்கள்.

இன்னொன்று. எந்த நேரத்தில் கேக் செய்கிறீர்கள்? எங்கள் பக்கத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் ஹீட்டரும் கீசரும் ஓடும். மின்னழுத்தம் சரிந்துவிடும்.

கரும்பலகை:

முக்கியமான கேள்வி. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் இழப்பு ஆறில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் சூட்டுக் கம்பியின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓவனுக்குக் கிடைக்கும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பத்து நிமிடத்தில் சூடாக வேண்டிய ஓவன் பதினைந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும். மாவை உள்ளே வைத்ததும் இறங்கும் சூடு திரும்ப ஏறவும் அதே போலத் தாமதமாகும். உள்ளே வைக்கும் சிறிய ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், அக்கா. ஓவனில் சூட்டைத் திருகி வைக்கும் குமிழ் 180 என்று சொல்வதை நம்பாதீர்கள்.

கடற்கரைக்காரி (ஒரு வாரம் கழித்து):

தெர்மாமீட்டர் வந்தது. இரவு ஏழு மணிக்குக் குமிழை 180இல் வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 150. காலை பத்து மணிக்கு அதே பத்து நிமிடத்தில் 175. என் ஐந்து எரிமலைகளில் நான்கை இரவில்தான் செய்திருக்கிறேன், பகலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முடியாது என்பதால்.

இன்று காலை ஏழாவது கேக். வெண்ணெய்ப் பாத்திரத்துக்கு வெந்நீர்க் குளியல், முட்டைகளுக்கும் வெந்நீர்க் குளியல். தெர்மாமீட்டர் 180 காட்டும்வரை மாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். 43 நிமிடத்தில் குச்சி சுத்தமாக வந்தது. குழி இல்லை, பட்டை இல்லை. வெட்டினால் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருக்கிறது. மாமியார் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு 'கேசரி வைக்க இடமில்லையே' என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்கிறேன்.

பேராசை வந்துவிட்டது. அடுத்து எங்கள் ஊர் மக்ரூன். முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, அவ்வளவுதான் சரக்கு. இங்கே இரண்டு முறை செய்தேன். ஓவனிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்று இருக்கிறது, அரை மணி நேரத்தில் விரலில் ஒட்டுகிறது. இதற்கும் உயரம்தான் காரணமா?

குன்னூர் மாஸ்டர்:

உயரத்தின் மேல் எல்லாப் பழியையும் போடாதீர்கள். இது மழை. சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மக்ரூனில் பெரும்பகுதி சர்க்கரை. ஜூன் முதல் நவம்பர் வரை மலையில் துணியே காய்வதில்லை, மக்ரூன் எப்படிக் காயும்? உயரத்துக்காக ஒன்று மட்டும் செய்யுங்கள்: வெள்ளைக்கருவை ஊரில் அடிப்பது போல விறைப்பாக அடிக்காமல், கரண்டியைத் தூக்கினால் நுனி லேசாக வளையும் பதத்தில் நிறுத்துங்கள். உள்ளே அடைத்த காற்று இங்கே இன்னும் விரியும்.

பிறகு 100 டிகிரியில் நீண்ட நேரம் காய விட்டு, ஓவனை அணைத்து, கதவைத் திறக்காமல் இரவு முழுவதும் உள்ளேயே விட்டுவிடுங்கள். காலையில் எடுத்த கையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். தட்டில் அடுக்கி அழகு பார்க்கக் கூடாது. ஜனவரியில், பனி விழுந்து வெயில் அடிக்கும் நாட்களில், இவ்வளவு பாடு வேண்டியதில்லை.

கோத்தகிரி மருமகள்:

பாகு வைக்கும்போதும் கவனம், அக்கா. தெர்மாமீட்டர் வாங்கிய உற்சாகத்தில் மிட்டாய்க்கும் அதேபோல ஒன்று வாங்கிக் குறிப்பில் உள்ள டிகிரியைப் பார்த்து இறக்கினால் பாகு முறிந்துவிடும். தண்ணீர் 7, 8 டிகிரி முன்னாலேயே கொதிக்கும் ஊரில் பாகுப் பதமும் அதே அளவு முன்னாலேயே வந்துவிடும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கும் பழைய முறைக்கு எந்த மலையும் ஒன்றுதான்.

கடற்கரைக்காரி:

எழுதி வைத்துக்கொண்டேன். மக்ரூனை ஜனவரிக்குத் தள்ளிவிட்டேன். கடைசியாக ஒரு சந்தேகம். டிசம்பர் 20ஆம் தேதி ஊருக்குப் போகிறோம். தெருவில் எட்டு வீட்டுக் கணக்கு இருக்கிறது. அங்கே எந்த அளவில் செய்வது?

குன்னூர் மாஸ்டர்:

பழைய அளவில்தான், அம்மா. கைப்பழக்கத்தில் ஊட்டி அளவைப் போட்டால் எழும்பாமல் செங்கல் போல உட்கார்ந்துவிடும். நோட்டில் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள்.