கீபோர்டு இல்லாத மேடையில் பேஸும் மிடியும்: பிக்அப் வாங்கவா, கால் பெடல் வாங்கவா?

கருங்கல் பேஸ்:

வணக்கம். கருங்கல் பக்கம் ஒரு சபையின் பாட்டுக் குழுவில் 11 வருஷமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஐந்து கம்பி பேஸ். ஆகஸ்டில் எங்கள் கீபோர்டுக்காரருக்கு கத்தாரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்த ஞாயிறே வித்தியாசம் தெரிந்தது. இப்போது இருப்பது பாடுகிறவர்கள், ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், டிரம்ஸ், நான். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் கிட்டார் ஓய்ந்தால் கீழே பேஸ், மேலே குரல், நடுவில் ஒன்றுமே இல்லை. வயதான அம்மாமார் அந்த இடத்தில் சுருதி இறங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிடித்துக்கொள்ள ஒரு ஒலி வேண்டாமா?

அந்த நடுப்பகுதியை நானே நிரப்ப முடியுமா என்று பார்க்கிறேன். பேஸ் சுரத்தை மிடியாக, அதாவது எந்தச் சுரம் என்று இன்னொரு கருவிக்குச் சொல்லும் கட்டளையாக, மாற்றும் சின்னக் கருவி ஒன்றை இரவல் வாங்கி ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். ஜி கம்பியில் ஓரளவு சரி. பி கம்பியைத் தொட்டால் பேஸ் முதலில் கேட்கிறது, மிடி வழியாக வரும் வயலின் மாதிரியான ஸ்ட்ரிங்ஸ் ஒலி பின்னால் வருகிறது. சில நேரம் ஒரு ஆக்டேவ் மேலே தாவுகிறது. விரல் பக்கத்துக் கம்பியில் உரசினாலே வேண்டாத சுரம் விழுகிறது.

கம்பிக்குக் கம்பி அதிர்வைத் தனியாக எடுக்கும் 13 பின் பிக்அப் மாட்டினால் இது சரியாகுமா? இல்லை, கீபோர்டு கட்டை மாதிரி காலால் மிதிக்கும் பெடலுக்குப் போகவா? கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. டிசம்பர் கேரலுக்கு முன்னால் குளச்சல் பக்கம் கடற்கரை மைதானத்தில் ஒரு கூட்டமும் இருக்கிறது.

கோட்டார் நாலு கம்பி:

தம்பி, கருவியில் கோளாறு இல்லை. பேஸின் ஈ கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அப்படியென்றால் ஒரு அலை முடியவே 24 மில்லி நொடி ஆகும். உங்கள் பி கம்பிக்கு 32. ஒரு முழு அலையாவது ஓடி முடிந்தால்தான் கருவிக்கு அது என்ன சுரம் என்று தெரியும், பல நேரம் அதற்கு மேலும் வேண்டியிருக்கும். 32 மில்லி நொடியில் காற்றில் ஒலி 11 மீட்டர் போய்விடும். அதாவது பந்தலின் அந்தக் கோடியில் நிற்கிற ஒருவரோடு சேர்ந்து வாசிப்பது மாதிரி. 13 பின் பிக்அப் கம்பிகள் ஒன்றோடொன்று குழம்புவதைத் தீர்க்கும். அலையின் நீளத்தை அதால் குறைக்க முடியாது. மெதுவாக எழும்புகிற ஸ்ட்ரிங்ஸ் ஒலிக்கு இந்தத் தாமதம் அவ்வளவாகத் தெரியாதுதான். ஆனால் தவறிய சுரம் சபை நடுவில் கேட்டால் எல்லோருக்கும் தெரியும்.

நான் காலைத்தான் சொல்வேன். பேஸ் வாசிக்கிறவர்கள் இதை வெகுநாளாகச் செய்துவருகிறார்கள். மூக் நிறுவனத்தின் டாரஸ் பெடல் 1975-லேயே வந்தது, அப்போது மிடியே கிடையாது. கனடாவின் ரஷ் குழுவில் கெடி லீ பேஸும் வாசித்து, பாடவும் செய்து, காலால் பெடலும் மிதிப்பார். 1983-இல் மிடி வந்த பிறகு பெடலுக்குள் ஒலி இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. ரோலண்ட் பிகே-5 மாதிரி 13 கட்டை உள்ள பெடல், எந்தக் கட்டை, எவ்வளவு வேகம், எந்த சேனல் என்ற கட்டளையை மட்டும் அனுப்பும். ஒலி உங்கள் லேப்டாப்பிலோ பழைய கீபோர்டிலோ இருந்து வரும். செகண்ட் ஹேண்டில் தேடுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். கீபோர்டுக்காரர் வாசித்த எல்லாவற்றையும் காலால் வாசிக்கப் பார்க்காதீர்கள். நீங்கள் பாடுவது கீர்த்தனை. கீர்த்தனைக்கு சுருதிப் பெட்டி ஒன்று போதும் என்று பாடி வளர்ந்தவர்கள் நாம். ஒரு கட்டையில் ஸட்ஜமமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்கிற மாதிரி வைத்து, பாட்டு முழுக்க அதையே நிறுத்துங்கள். கார்டு மாறும்போது பேஸ் நகரட்டும், கால் நகர வேண்டாம். அம்மாமார் தானாகவே அதில் வந்து நிற்பார்கள். கார்டோடு சேர்ந்து போகிற புதுப் பாட்டுகளுக்கு மட்டும் கட்டையை மாற்றினால் போதும், அதற்கும் ஒரு மாதப் பழக்கம் வேண்டும்.

முட்டம் மைக் செட்:

அண்ணன் சொன்னது சரி. நான் மேடை ஒலிப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு திருவிழாவில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியபோது பெடல் ஒரு நொடி அணைந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காலை எடுத்த செய்தி அதற்குப் போய்ச் சேரவே இல்லை. ஜெபம் தொடங்கிய பிறகும் அந்தச் சுரம் ஒலித்துக்கொண்டே இருந்தது, நான் ஓடிப்போய் மிக்சரில் இறக்கினேன். அன்றைக்குப் பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. மிடியில் கண்ட்ரோல் எண் 123 என்றால் எல்லாச் சுரத்தையும் நிறுத்து என்று பொருள். ஒரு கால் சுவிட்சில் அதைப் போட்டு வைத்தே ஆக வேண்டும்.

அப்புறம், பெடல் ஒலியை பேஸ் ஆம்புக்குள் விடாதீர்கள். இரண்டும் சேர்ந்து குழம்பிவிடும். பேஸுக்கு ஒரு டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை நேராக மிக்சருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி), லேப்டாப்புக்கு ஒரு டிஐ பாக்ஸ், இரண்டும் தனித்தனியாக மிக்சருக்கு வரட்டும். பெடல் ஒலியில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பேஸுக்கு இடம் கிடைக்கும். பெடல் கீழ் ஆக்டேவில் அனுப்பினால் இரண்டு ஆக்டேவ் ஏற்றிக்கொள்ளுங்கள். மிடி உள்ளீட்டில் ஒளி வழியாகச் செய்தியைக் கடத்தும் சில்லு இருப்பதால் மிடி கேபிள் வழியாக இரைச்சல் வராது. இரைச்சல் வருவது லேப்டாப் சார்ஜரிலிருந்து. டிஐ பாக்ஸில் கிரவுண்டைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஐந்து பின் மிடி கேபிள் 15 மீட்டர் வரைக்கும் நம்பலாம், யூஎஸ்பி 5 மீட்டர்தான்.

கடல் காற்றைச் சொல்லாமல் விடக்கூடாது. எங்கள் ஊரில் ஒரு சீசன் போதும், பின்னெல்லாம் பச்சை பிடித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, உலர்ந்த பெட்டியில் வையுங்கள்.

கருங்கல் பேஸ்:

இரண்டு பேருக்கும் நன்றி. திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் 13 கட்டைப் பெடல் கிடைத்தது. 18,000 ரூபாய். இரண்டு கட்டை சரியாக மிதிபடவில்லை, திறந்து சுத்தம் செய்ததும் சரியானது. மீதிப் பணத்தில் இரண்டு டிஐ பாக்ஸ், பெடலை லேப்டாப்போடு இணைக்க ஒரு மிடி இன்டர்ஃபேஸ்.

அண்ணே, நீங்கள் சொன்னபடி ஸட்ஜமம், பஞ்சமம் மட்டும் வைத்தேன். முதல் நாள் ஒத்திகையில் செருப்போடு மிதித்துப் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து விழுந்தது. வெறுங்காலில் சரியாக வருகிறது. கண்ட்ரோல் 123-ஐ வலதுகோடி சுவிட்சில் போட்டு, இருட்டில் தெரிவதற்கு அதன்மேல் வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறேன்.

நேற்று ஆராதனையில் நாலு கீர்த்தனை. மூன்றாவது பாட்டில் கிட்டார் முழுக்க நின்றது, டிரம்ஸும் நின்றது. நான் விரலை எடுத்துவிட்டு காலை மட்டும் வைத்திருந்தேன். முன்வரிசை அம்மாமார் பல்லவியைத் தொடங்கினார்கள். கிட்டார் மறுபடி சேர்ந்தபோது அதே சுருதியில் இருந்தார்கள்.

அந்தப் பாட்டை போனில் பதிவு பண்ணி கத்தாருக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம்: ஒரே ஆராதனையில் சுருதி மாறும்போது, டிரான்ஸ்போஸை (சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பை) இடது காலால் மாற்றவா, இல்லை பாட்டுக்கு ஒன்றாக லேப்டாப்பில் சேமித்து வைக்கவா? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.