பாஸ் அவுட் ஆனவர்கள் கவனத்துக்கு

வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கோ மேல்படிப்புக்கோ இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளே, 'பாஸ்' என்கிற ஒரே வார்த்தையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தெரியாத வார்த்தை என்றால் கேட்டுத் தெரிந்துகொள்வோம், இது ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடவே வருகிற வார்த்தை, அதனால் கேட்கவே தோன்றாது. அங்கேதான் சிக்கல்.

'2019ல் பாஸ் அவுட் ஆனேன்' என்று நம்ம ஊரில் சொன்னால் பட்டம் வாங்கிய வருஷம். இங்கே இன்டர்வியூவில் சொன்னால் மயங்கி விழுந்த வருஷம். ராணுவத்திலும் போலீஸிலும் பயிற்சி முடிப்பவர்களுக்கு மட்டும் இங்கேயும் பாஸிங் அவுட் பரேட் உண்டு, மற்றவர்கள் 'கிராஜுவேட்டட்' என்றே சொல்லுங்கள், பயோடேட்டாவிலும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

வார்டில் இன்னும் உஷார் வேண்டும். நோயாளி 'பாஸ் வாட்டர்' என்றால் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டாதீர்கள், அவருக்குச் சிறுநீர் கழிக்க வேண்டும். வயிற்றில் ஆபரேஷன் ஆனவரிடம் 'பாஸ் விண்ட்' ஆச்சா என்று கேட்பது கேலி இல்லை, காற்றுப் பிரிந்தால் குடல் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம், கூச்சப்படாமல் கேளுங்கள். சிறுநீரகக் கல் தானாக வெளியே வந்தாலும் பாஸ்தான். 'பாஸ்டு அவே' என்றால் இறந்துவிட்டார் என்பது நமக்கும் தெரியும், ஆனால் சிலர் வெறும் 'பாஸ்டு' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். 'மம் பாஸ்டு லாஸ்ட் இயர்' என்று ஒருவர் சொன்னால் எந்தப் பரீட்சையில் என்று கேட்டுவைக்காதீர்கள், சாமி.

அப்புறம், ஆசையாக ஆம்பூர் பிரியாணி செய்து கொண்டுபோய் நீட்டும்போது கூட வேலை செய்பவர் 'ஐல் பாஸ்' என்றால், அடுத்தவருக்குக் கொடுக்கிறேன் என்பதில்லை, எனக்கு வேண்டாம் என்பது. கோபம் வேண்டாம், நம்ம ஆள் யாராவது சாப்பிடுவார். 'பாஸ் இட் ஆன்' என்றால்தான் அடுத்தவரிடம் கொடுப்பதும் சேதி சொல்வதும். 'பாஸ்டு ஓவர்' என்று புலம்பினால் பதவி உயர்வு வேறு யாருக்கோ போய்விட்டது.

கார் ஓட்டப் போகிறவர்களுக்கு ஒன்று. ஸ்காட்லாந்து மலைப்பக்கம் ஒற்றைத் தடச் சாலைகளில் 'பாஸிங் பிளேஸ்' என்று பலகை இருக்கும். எதிரே வண்டி வந்தால், அந்த இடம் உங்கள் இடது பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள், வலது பக்கம் இருந்தால் அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், அவர் ஒதுங்கிப் போவார். காட்சி அழகாக இருக்கிறதென்று அங்கே வண்டியைப் போட்டுவிட்டு செல்ஃபி எடுக்கக் கூடாது.