பேனர் மேட்டர் 6 மணிக்குள்ள வேணும்

கார்த்தி: சனிக்கிழமை காலேஜ்ல எங்க பேண்டு. ஜமைக்கா பாடகர் பாப் மார்லியோட ‘ரிடெம்ப்ஷன் சாங்’. அந்த பேமஸ் வரி பேனர்ல தமிழ்ல வேணும். ஃப்ளெக்ஸ் கடை 6 மணி வரைக்கும்தான்

கார்த்தி: ஆப்ல போட்டா ‘மனநோய் அடிமைத்தனத்திலிருந்து விடுபடுங்கள்’னு வருது

ரவி மாமா: 😂😂 ஆஸ்பத்திரி போர்டு

பெரியம்மா: ரிடெம்ப்ஷன்னா என்னடா

திவ்யா: மீட்பு பெரியம்மா

மீனா அத்தை: அடகு வளையல் மீட்கிறதா? உங்க மாமாவைப் பாடச் சொல்லு

ரவி மாமா: ஆரம்பிச்சுட்டா

செல்வம் சித்தப்பா: அக்கா சொன்னது சரிதான். விலை குடுத்துத் திருப்பி வாங்குறதுதான் அந்தச் சொல்லோட மூலப்பொருள். ஜமைக்காவுல 1834 ஆகஸ்ட் 1 அடிமை முறை ஒழிஞ்சுது. ஆனா ‘அப்ரண்டிஸ்’னு பேரை மாத்தி 1838 வரைக்கும் அதே முதலாளிகிட்ட பெரும்பாலும் கூலியில்லாத வேலை. பிரிட்டன் தன் காலனிகளுக்குச் சேர்த்து 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்குச்சு. முதலாளிங்களுக்கு! அடிமையா இருந்தவங்களுக்கு ஒரு காசு இல்ல

மீனா அத்தை: வளையல் என்னுது, வட்டி கடைக்கு. அதே கதை

செல்வம் சித்தப்பா: அந்த வரிக்கு மூலம் மார்கஸ் கார்வி, கறுப்பின மக்களோட தலைவர். 1937 அக்டோபர்ல கனடாவுல, நோவா ஸ்கோஷியா மாகாணம் சிட்னியில பேசினது. உடம்பை மத்தவங்க விடுவிக்கலாம், மனசை நாமதான் விடுவிச்சாகணும்னு. கார்வி, மார்லி ரெண்டு பேரும் ஜமைக்காவுல செயின்ட் ஆன் பகுதியில பொறந்தவங்க

பெரியம்மா: சிட்னியா? சுந்தரம் பையன் அங்கதான இருக்கான்? பொண்ணு பாக்குறாங்களாம்

செல்வம் சித்தப்பா: அது ஆஸ்திரேலியா அண்ணி

மீனா அத்தை: எந்த ஊர்ல பாக்குறாங்க அண்ணி?

கார்த்தி: சித்தப்பா மேட்டர் 😭

செல்வம் சித்தப்பா: ‘மன அடிமைத்தனத்தை உதறுங்கள், நம் மனதை நாமன்றி யார் விடுவிப்பார்?’ ‘நாங்கள்’னு மட்டும் போட்டுடாத. முதல் பாதியில ‘நீங்க’ன்னு ஏவிட்டு, அடுத்த மூச்சுல ‘நாம’ன்னு தானும் கூட்டத்துக்குள்ள வந்துடுறான். ‘நாங்கள்’னா கேக்குறவன் வெளியில நின்னுடுவான்

கார்த்தி: சூப்பர் 🙏

செல்வம் சித்தப்பா: ட்ரம்ஸ் வேண்டாம். 1980 ‘அப்ரைசிங்’ ஆல்பத்துல கடைசிப் பாட்டு அது. ஒரு அகூஸ்டிக் கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான். தாளம் கட்டினா வார்த்தை அமுங்கிடும். ஜி கார்டு. தொடக்க நோட்டுகளைத் தடிச்ச கம்பியில ஒவ்வொண்ணா எடு. திவ்யா பாடினா 3ஆவது ஃப்ரெட்ல கேப்போ (கம்பிகளை அமுக்கிச் சுருதி ஏத்துற கிளிப்) போட்டுப் பாரு. கோரஸ்ல சி-யிலிருந்து டி-க்குத் தாவ அவசரப்படுவீங்க, வார்த்தை முடியுற வரைக்கும் நில்லு

ரவி மாமா: குமார் பையன்தானடா ட்ரம்ஸ்?

கார்த்தி: அதான் பிரச்சனை

மீனா அத்தை: பத்திரிகை விஷயத்துலயே குமாருக்கு மூஞ்சி தூக்கிக்கிச்சு. வேண்டாம்

கார்த்தி: ஷேக்கர் குடுத்துடவா சித்தப்பா?

செல்வம் சித்தப்பா: குடுக்காத

ரவி மாமா: குடுடா, மெதுவா ஆட்டட்டும்

பெரியம்மா: பாடினவர் நல்லா இருக்காரா?

திவ்யா: 1981லயே போயிட்டார். கேன்சர். 36 வயசுதான்

பெரியம்மா: அய்யோ பாவம்

கார்த்தி: மேட்டர் அனுப்பிட்டேன். ‘நாமன்றி’தான்

திவ்யா: ஷேக்கர்?

கார்த்தி: 👀