முதிய நாய்களும் விடாத பழக்கங்களும்: உறுப்பினர் அனுபவங்கள்

மதுரையிலிருந்து

சாத்தூர்ப் பக்கம் ஓட்டு வீட்டில் வளர்ந்த எங்கள் சிப்பிப்பாறை நாய் மணிக்கு 12 வயது நடந்தபோது, தனியே இருந்த அப்பாவையும் அதனையும் மதுரையில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். அதற்கென வாங்கிய பஞ்சு மெத்தையை முகர்ந்து பார்த்துவிட்டு வெறுந்தரையில் போய்ப் படுத்த மணி, ஊரிலிருந்து சாமான் கட்டி வந்த சாக்கை அப்பா விரித்த பிறகுதான் நிம்மதியாக உறங்கியது. நசுங்கிய அலுமினியத் தட்டுக்குப் பதிலாக எவர்சில்வர் கிண்ணத்தில் கம்மங்கூழ் ஊற்றினால் அருகில்கூட வராது.

வீட்டில் எல்லோரும் இதைப் பிடிவாதம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மணியின் இரு கண்களிலும் புரை படர்ந்திருந்தது, பின்னாலிருந்து அழைத்தால் திரும்புவதுமில்லை. இப்படிப் பார்வையும் செவியும் மங்கிய நாய்க்குப் பழகிய வாசனையும் பழகிய வேளையும்தானே வழிகாட்ட வேண்டும்? சாக்கில் ஊர் மண்ணின் வாசம் இருந்தது, மெத்தையிலோ கடையின் வாசம் மட்டுமே இருந்தது. (மெத்தை உண்மையில் எங்கள் மனநிறைவுக்காக வாங்கியதுதான்.) ஆகவே மெத்தையின் மேல் சாக்கைப் போட்டோம், மணி தானாகவே ஏறிப் படுத்தது. சிறுநீரகக் கோளாறுக்காகக் கால்நடை மருத்துவர் மாற்றச் சொன்ன உணவையும் அதே நசுங்கிய தட்டில், கூழோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாள் போக்கில் அளவைக் கூட்டிப் பழக்கினோம். லிஃப்டுக்கு மட்டும் அது கடைசிவரை இசையவேயில்லை. நல்லவேளையாக, நாங்கள் குடியிருந்தது முதல் தளம்.

கோவையிலிருந்து

மேலே எழுதியவரின் வீட்டார் பிடிவாதம் என்றதை ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். வியன்னாவில் 5 மாதக் குட்டி முதல் 13 வயது வரையிலான 95 பார்டர் கோலி நாய்களுக்குத் தொடுதிரையில் படங்களைப் பிரித்தறியப் பழக்கி, 2016ஆம் ஆண்டு அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். வயதில் மூத்தவை கற்றுக்கொள்ளக் கூடுதல் முயற்சிகள் தேவைப்பட்டன. முன்பு சரியென்று கற்றதை அவை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் தெரிந்த படத்தை விலக்கி விடையை ஊகிக்கும் சோதனையில் அதே முதிய நாய்கள்தாம் இளையவற்றை விஞ்சின. 6 மாதங்களுக்குப் பிறகு சோதித்தபோது, கற்றதை நினைவில் வைத்திருந்ததில் வயதால் வேறுபாடு தெரியவில்லை.

எங்கள் லாப்ரடாருக்குச் செவி மந்தமானபோது, கற்றதை மறக்காத இந்த இயல்பு எனக்குக் கைகொடுத்தது. குட்டியிலிருந்தே "உட்கார்" என்று சொல்லும்போதெல்லாம் கையை உயர்த்துவது என் வழக்கமாக இருந்ததால், குரல் எட்டாத காலத்தில் கையசைவு ஒன்றே போதுமானதாயிற்று.

எனவே பழக்கத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் கிழநாயைக் கண்டு நான் கவலைப்படுவதில்லை, பழக்கம் நழுவத் தொடங்கினால்தான் கவலைப்பட வேண்டும். எங்கள் நாய் ஒரு நாள் கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் இருக்கும் பக்கத்தில் போய் நின்றது. பிறகு இரவில் உறங்காமல் வீட்டைச் சுற்றியது. முதுமையில் மூளைத் திறன் குன்றுவதன் அடையாளங்கள் இவை என்று மருத்துவர் விளக்கினார். கலிஃபோர்னியாவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வொன்றில், 11, 12 வயது நாய்களில் 28 விழுக்காட்டிலும் 15, 16 வயது நாய்களில் 68 விழுக்காட்டிலும் இத்தகைய அடையாளம் ஒன்றாவது காணப்பட்டது.

திருநெல்வேலியிலிருந்து

இரண்டு அனுபவங்களையும் படித்தபின் ஒன்றைச் சேர்க்கிறேன். மூட்டுவலி கண்ட எங்கள் கிழநாய், நாங்கள் வழுக்காத விரிப்பு போட்ட புதிய பாதையை ஏறிட்டும் பார்க்காமல், பழைய வழியிலேயே டைல்ஸ் தரையில் சறுக்கிச் சறுக்கி நடந்தது. அதை அழைத்துப் பார்த்துப் பயனில்லாததால், விரிப்பையே அது நடக்கும் வழிக்கு மாற்றிவிட்டோம்.