பொறியியல் படிக்காதவர்கள் செயற்கை நுண்ணறிவை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

மார்த்தாண்டம் கணக்கர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் பி.காம். முடித்துவிட்டு, மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் கொள்முதல் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். டேலி என்னும் கணக்கு மென்பொருளில் பதிவு செய்வது, ஜி.எஸ்.டி. படிவங்களைத் தாக்கல் செய்வது, தோட்டக்காரர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் சேர வேண்டிய தொகையைக் கணக்கிட்டுக் கொடுப்பது ஆகியவை என் அன்றாடப் பணிகள். என் தம்பி நாகர்கோவிலில் இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறான். எங்கள் இருவருக்கும் நிரல் எழுதத் தெரியாது. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை வணிகக் கணிதம் படித்தேன். அவன் பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டுவிட்டான்.

அண்மையில் ஒரு பயிற்சி மையத்தார், எந்தத் துறையைச் சேர்ந்தவரும் மூன்றே மாதங்களில் செயற்கை நுண்ணறிவைக் கற்றுக்கொள்ளலாம் என்றும், முடித்தவுடன் சான்றிதழும் வேலையும் உறுதி என்றும் கூறி, என் இரண்டு மாதச் சம்பளத்தைவிடக் கூடுதலான தொகையைக் கட்டணமாகக் கேட்கிறார்கள். சேர்வதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இங்கே எழுதுகிறேன். எங்களைப் போன்றவர்களால் இதை உண்மையிலேயே கற்க முடியுமா? எவ்வளவு கணிதம் வேண்டும்? கணக்கு வேலையில் இருக்கும் எனக்கும் வரலாறு படிக்கும் தம்பிக்கும் ஒரே பாடம் பொருந்துமா?

குளச்சல் தரவாளர் எழுதியது:

தம்பி, பணம் கட்டுவதற்கு முன் கேட்டது மிக நல்லது. நான் குளச்சலைச் சேர்ந்தவன். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் தரவுப் பகுப்பாய்வு வேலை செய்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு கற்பது என்று எல்லோரும் ஒரே சொல்லால் சொன்னாலும், அதற்குள் மூன்று வெவ்வேறு உழைப்புகள் உள்ளன. சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஆயத்தக் கருவிகளைச் சரியாகப் பயன்படுத்தி, அவை தரும் விடையைச் சோதிக்கத் தெரிந்துகொள்வது ஒன்று. நம் துறையில் குவிந்துகிடக்கும் தரவுகளை ஒழுங்குபடுத்தி, சிறு நிரல்களால் அலசத் தெரிந்துகொள்வது மற்றொன்று. தரவிலிருந்து கற்று விடை சொல்லும் மென்பொருளை மாதிரி (மாடல்) என்கிறோம்; அத்தகைய புதிய மாதிரிகளையே உருவாக்குவது மூன்றாவது. நேரியல் இயற்கணிதமும் நுண்கணிதமும் கட்டாயமாகத் தேவைப்படுவது அங்கேதான். முதலாவதைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். மூன்றாவதற்கு ஆண்டுகள் ஆகும். உங்களைப் போன்று ஒரு தொழிலை ஏற்கெனவே நன்கு அறிந்தவர்களுக்கு இரண்டாவதில்தான் உடனடிப் பயன் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் விளம்பரங்கள் பெரும்பாலும் முதலாவதைக் கற்பித்துவிட்டு மூன்றாவதன் பெயரால் கட்டணம் வாங்குகின்றன. ஆகவே அந்த மையத்தில் வாரவாரியான பாடத்திட்டத்தை எழுத்தில் கேளுங்கள்; முன்பு படித்தவர்கள் செய்த திட்டப்பணி ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்; வேலை உறுதி என்பதற்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் பணம் கட்ட வேண்டாம்.

கட்டணமில்லாமல் கற்க நல்ல வழிகள் உள்ளன. ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் 2018இல் தொடங்கிய 'எலிமென்ட்ஸ் ஆஃப் ஏஐ' என்னும் இணையப் பாடம், நிரலறிவே இல்லாத பொதுமக்களுக்காகவே எழுதப்பட்டது. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களைக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்துகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி., 'ஸ்வயம் பிளஸ்' என்னும் இணையக் கல்வித் தளத்தில் 2025இல் அறிவித்த இலவசப் பாடங்களில் கணக்கியலில் செயற்கை நுண்ணறிவு என்பதும் ஒன்று. அதை நீங்கள் பார்க்க வேண்டும். பைத்தான் என்னும் நிரல்மொழியைத் தமிழில் படிக்க 'கணியம்' இணைய இதழ் வெளியிட்டுள்ள கட்டுரைகளும் மின்னூல்களும் உதவும். பயிற்சிக்குக் 'கூகுள் கோலாப்' போதும். கணினியில் எதையும் நிறுவாமல் உலாவியிலேயே பைத்தான் நிரலை இயக்கலாம்.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். நாளை ரப்பர் விலை என்ன ஆகும் என்று கணிப்பதில் தொடங்கத் தோன்றும், அதைத் தள்ளிவையுங்கள். கோட்டயத்திலுள்ள ரப்பர் வாரியம் நாள்தோறும் விலையை வெளியிடுகிறது என்பதால் தரவு கிடைப்பது எளிது. ஆனால் அந்த விலை பன்னாட்டுச் சந்தை, கச்சா எண்ணெய், மழை, இறக்குமதி என்று பலவற்றால் ஆடுவது; உங்கள் கணிப்பு சரியாக வந்தாலும் அது அறிவால் வந்ததா தற்செயலா என்று தொடக்கத்தில் பிரித்தறிய முடியாது. சரியான விடை உங்களுக்கே தெரிந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் பதிவேட்டையும், விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலையும் பொருத்திப் பார்க்கும் வேலை உங்களுக்கு மாதந்தோறும் இருக்கிறது. அதையே முதல் திட்டப்பணியாகக் கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பேரேட்டை அப்படியே உரையாடல் கருவியில் ஒட்டி, மொத்தத்தைக் கூட்டித் தரும்படி கேட்காதீர்கள். இக்கருவிகளுக்கு அடித்தளமான மொழி மாதிரிகள், 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்னும் அமைப்பின் வழியில் வந்தவை; முன்னால் உள்ள சொற்களைக் கொண்டு அடுத்து வரக்கூடிய சொல்துண்டு எது என்று கணித்துக் கணித்தே அவை எழுதுகின்றன. கூட்டல் விடையும் அவ்வாறே எழுதப்படலாம் என்பதால், பார்வைக்குச் சரியாகத் தோன்றும் தவறான எண் வர வாய்ப்புண்டு. அதற்குப் பதிலாகக் கூட்டுவதற்கான எக்செல் சூத்திரத்தையோ பைத்தான் நிரலையோ எழுதித் தரும்படி கேளுங்கள். கணக்கை எக்செல்லே செய்யட்டும். வாடிக்கையாளரின் பான் எண், ஜி.எஸ்.டி. எண், வங்கிக் கணக்கு எண் எதையும் வெளிக் கருவியில் உள்ளிடாதீர்கள். எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது நம்மை நம்பித் தந்தவர்களின் விவரம்.

பேச்சிப்பாறை வேளாண் பட்டதாரி எழுதியது:

மேலே அண்ணன் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கணிதத்தை மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நுண்கணிதம் பொறுக்கலாம், புள்ளியியல் பொறுக்காது. சராசரி, பரவல், மாதிரித் தெரிவு (மொத்தத்திலிருந்து ஒரு பகுதியைத் தேர்ந்தெடுப்பது), நிகழ்தகவு ஆகிய நான்கையும் முதல் மாதத்திலேயே படித்துவிட வேண்டும் என்பேன். அதற்கான காரணத்தை என் துறையிலிருந்தே சொல்கிறேன்.

இலையின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் ஆய்வுகளில் அதிகமாகப் பேசப்பட்டது 'பிளாண்ட்வில்லேஜ்' படத்தொகுப்பு. 14 பயிர்களின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு 2016இல் பயிற்றுவிக்கப்பட்ட மாதிரி, அதே தொகுப்பில் ஒதுக்கிவைத்த படங்களில் 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுக்கப்பட்டு இணையத்தில் கிடைத்த படங்களைக் காட்டியபோது அது ஏறத்தாழ 31 சதவீதமாகச் சரிந்தது என்பதை அந்த ஆய்வாளர்களே நேர்மையாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். தொகுப்பிலுள்ள படங்கள் பறித்த இலையை ஒரே நிறப் பின்னணியில் வைத்து எடுக்கப்பட்டவை. தோட்டத்திலோ நிழலும் சேறும் பக்கத்து இலையும் சேர்ந்தே படத்தில் விழும். முதல் எண்ணை மட்டும் கேட்டவர் அந்தக் கருவியை நம்பி மருந்து தெளித்துவிடுவார். இரண்டாவது எண் எங்கே என்று கேட்கும் பழக்கம் புள்ளியியல் படித்தால்தான் வரும்.

இன்னொன்றும் உண்டு. அந்த 14 பயிர்களில் ஆப்பிளும் திராட்சையும் தக்காளியும் இருக்கின்றன. வாழை இல்லை, தென்னை இல்லை, ரப்பர் இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பெரும்பாலான நிலத்தில் நிற்பவை அத்தொகுப்பில் இடம்பெறவே இல்லை. புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழையில் சிகடோகா இலைப்புள்ளி நோய் எப்படித் தொடங்குகிறது, சாம்பல்சத்துக் குறைவால் ஓரம் கருகுவதிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது என்பதை ஒரு மாதிரிக்குக் கற்பிக்க வேண்டுமென்றால், அதற்கான படங்களை இங்குள்ளவர்கள்தான் எடுக்க வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் சரியான பெயரை, நோயறிந்த ஒருவர்தான் இட வேண்டும். நிரல் எழுதுபவர் பெங்களூரில் இருக்கலாம், இந்த வேலையை அங்கிருந்து செய்ய முடியாது. வேளாண்மை, மீன்வளம், செவிலியம் என்று எந்தத் துறை மாணவராயினும், தன் துறைக்குரிய தரவைப் பிழையின்றித் திரட்டிப் பெயரிடக் கற்பதே செயற்கை நுண்ணறிவில் அவர் பெறக்கூடிய அரிய திறன் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முயன்று பார்க்க விரும்புவோர் கூகுளின் 'டீச்சபிள் மெஷின்' தளத்தில், நிரல் ஏதும் எழுதாமல், தாங்கள் எடுத்த படங்களைக் கொண்டே ஒரு சிறு மாதிரியைப் பயிற்றுவிக்கலாம். பயிற்சிக்கு ஒரு தோட்டத்தின் படங்களையும் சோதனைக்கு வேறொரு தோட்டத்தின் படங்களையும் பயன்படுத்துங்கள். நான் மேலே சொன்ன சரிவை நீங்களே காண்பீர்கள்.

தக்கலை வழக்குரைஞர் எழுதியது:

வரலாறு படிக்கும் தம்பியைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நம் மாவட்டத்தின் நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு இணைந்தன. அதற்கு முந்தைய நில ஆவணங்களில் பல மலையாளத்தில் எழுதப்பட்டவை. எங்கள் வழக்குகளில் அவற்றை வாசித்துத் தமிழாக்கம் செய்யத் தகுந்த ஆள் கிடைப்பது ஆண்டுக்காண்டு அரிதாகிவருகிறது. அச்சிட்ட தமிழையும் மலையாளத்தையும் 'டெசராக்ட்' என்னும் கட்டற்ற மென்பொருள் படத்திலிருந்து ஓரளவு நன்றாகவே எழுத்துணரும். பழைய கையெழுத்தில் அதை நம்ப முடியாது. 'டிரான்ஸ்கிரிபஸ்' போன்ற கையெழுத்துணரித் தளங்களில், ஒரு குறிப்பிட்ட கையெழுத்து வகைக்கு மாதிரியைப் பயிற்றுவிக்க முடியும். அதற்கு முதலில் ஒருவர் பல பக்கங்களை வரிவரியாகக் கையால் படியெடுத்துத் தர வேண்டும். இரு மொழியும் வாசிக்கக்கூடிய வரலாற்று மாணவர் ஒருவர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டால், அவருக்கு நீதிமன்ற வட்டாரத்திலும் ஆவணக்காப்பகங்களிலும் தேவை இருக்கும். தம்பிக்கு மலையாளம் தெரியாவிட்டால், பைத்தானுக்கு முன் மலையாள எழுத்தைக் கற்றுக்கொள்ளச் சொல்வேன்.

சோதிக்காமல் பயன்படுத்துவதன் விளைவுக்கு என் தொழிலில் அறியப்பட்ட சான்று நியூயார்க்கில் 2023இல் நடந்தது. ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக எழுதிய முன்தீர்ப்புகளை வழக்குரைஞர்கள் அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். நீதிபதி அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார். நம் அண்டையிலுள்ள கேரள உயர்நீதிமன்றமும், மாவட்ட நீதிமன்றங்களில் இக்கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று 2025 ஜூலையில் கொள்கை வெளியிட்டுள்ளது. முடிவெடுப்பதற்கோ தீர்ப்பு எழுதுவதற்கோ இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதில் தெளிவாக உள்ளது.

தோவாளை ஆசிரியை எழுதியது:

மொழியைப் பற்றி ஒரு சொல். பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதைக் கண்டு தமிழ்வழியில் படித்த மாணவர்கள் தயங்குகிறார்கள், தயங்க வேண்டாம். ஒரு கருத்து புரியவில்லையென்றால், அதைத் தமிழில் விளக்கும்படி உரையாடல் கருவியிடமே கேட்கலாம். ஆனால் இம்மாதிரிகள் படித்த உரையில் தமிழின் பங்கு மிகச் சிறியது என்பதால் தமிழ் விடைகளில் பிழை கூடுதலாக வரும். பாடநூலோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ4பாரத்' குழு இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு, பேச்சுணர்தல் மாதிரிகளை யாவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டு வருவது நமக்குப் பெரிய வாய்ப்பு. கல்லூரி மாணவர்கள், தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தின் பாடங்களையும் தம் கல்லூரியில் கேட்டறிய வேண்டும்.

மார்த்தாண்டம் கணக்கர் எழுதியது:

அண்ணனுக்கும், மற்ற அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பயிற்சி மையத்தில் பாடத்திட்டம் கேட்டேன். ஒரு பக்க விளம்பரத் தாளைத்தான் கொடுத்தார்கள். ஆகவே சேரவில்லை. தம்பிக்கு எங்கள் ஆச்சி வழியாகப் பேச்சு மலையாளம் தெரியும், எழுத்து தெரியாது, கற்றுக்கொள்வதாகச் சொல்கிறான். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதி உள்ளன. அவன் வரலாற்றுப் பட்டத்தோடு சேர்த்து முறையான தரவு அறிவியல் பட்டம் ஏதேனும் படிக்க முடியுமா? எனக்கு மாதத்தின் முதல் மூன்று வாரங்கள் ஜி.எஸ்.டி. வேலையிலேயே போய்விடுகின்றன. அந்தத் திட்டப்பணியை எப்போது, எப்படித் தொடங்குவது?

குளச்சல் தரவாளர் எழுதியது:

உங்கள் தம்பியால் இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியும். ஒரே நேரத்தில் இரு பட்டங்கள் படிக்கப் பல்கலைக்கழக மானியக்குழு 2022இல் அனுமதித்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி. இணைய வழியில் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். பட்டத்துக்கு ஜே.இ.இ. தேர்வு தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்தவரும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித்தேர்வில் தேற வேண்டும். கணிதத்தை விட்டவருக்கு அந்த நான்கு வாரங்கள் கடினமாக இருக்கும் என்பதால், பதினோராம் வகுப்புக் கணிதப் பாடநூலிலிருந்து சார்புகள், நிகழ்தகவு ஆகிய பகுதிகளை இந்த விடுமுறையிலேயே அவர் படித்துவிடட்டும். வேளாண் பட்டதாரி சொன்ன புள்ளியியலும் அப்போதே சேர்ந்துவிடும். அந்தக் கருத்தை நானும் ஏற்கிறேன்.

நீங்கள், 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்னும் மாதப் படிவத்தின் தாக்கல் முடிந்தபின் மாதக் கடைசியில் கிடைக்கும் நாட்களைப் பயன்படுத்துங்கள். நடப்பு மாதத்தைத் தொட வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே கையால் பொருத்தி முடித்த பழைய மாதம் ஒன்றின் கொள்முதல் பதிவேட்டையும் 2பி எக்செல் கோப்பையும் எடுத்து, பெயர்களையும் ஜி.எஸ்.டி. எண்களையும் குறியீடுகளாக மாற்றிவிடுங்கள். அட்டவணைகளைக் கையாளும் 'பாண்டாஸ்' என்னும் பைத்தான் நிரல் நூலகத்தில் இரு பட்டியல்களை இணைக்கும் கட்டளையே முதலில் தேவைப்படுவது. முதல் முறை பாதிக்கும் மேல் பொருந்தாமல் போனால் அஞ்சாதீர்கள். ஒரே பில்லை நீங்கள் 102 என்று பதிந்திருப்பீர்கள், விற்றவர் முன்னொட்டும் ஆண்டும் சேர்த்துப் பதிந்திருப்பார். ஓரிடத்தில் தொகை முழு ரூபாயாகவும் மற்றோரிடத்தில் பைசாவோடும் இருக்கும். தேதி, சொல்லாகவும் எண்ணாகவும் மாறி நிற்கும். பில் எண்ணிலிருந்து முன்னொட்டைக் களைந்துவிட்டு, தொகையில் ஒரு ரூபாய் வேறுபாட்டை அனுமதித்து மீண்டும் இயக்குங்கள். அதன் பிறகும் பொருந்தாதவற்றை, நீங்கள் கையால் கண்டறிந்த பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எங்காவது தடைப்பட்டால், குறியீடாக்கிய கோப்பின் சில வரிகளையும் வந்த பிழைச்செய்தியையும் இதே இழையில் இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.