உண்ணிக் குளிசைக்குப் பிறகு நாய்க்கு வலிப்பு: அடுத்து எந்த மருந்து?

மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறோம். எங்கள் நாட்டு நாய் பெட்டை, வயது 4, எடை 14 கிலோ, இதற்கு முன் வலிப்பு வந்ததேயில்லை.

உண்ணித் தொல்லைக்காகக் கடந்த மாதம் புளூரலனர் 500 மில்லிகிராம் மெல்லும் குளிசை ஒன்றை எடைக்கேற்ற அளவில் உணவுடன் கொடுத்தோம். மறுநாள் மாலை பின்னங்கால்கள் நடுங்கின, நடை தள்ளாடியது. மூன்றாம் நாள் விடியற்காலை, கால்கள் விறைத்து வாயில் நுரை தள்ள, ஏறக்குறைய இரண்டு நிமிடம் வலிப்பு வந்தது. அது முடிந்தும் வெகுநேரம் என்னை அடையாளம் தெரியாமல் சுவரையே பார்த்து நின்றாள். ஐந்து நாளில் மீண்டும் ஒருமுறை வந்தது.

கால்நடை வைத்தியரிடம் காட்டினோம். இரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் கிருமி இல்லை, சர்க்கரையும் சரி. இப்போது வலிப்பைத் தடுக்கும் பினோபார்பிட்டால் மருந்தை இருவேளை கொடுக்கிறோம், வலிப்பு திரும்பவில்லை. புளூரலனர் வகை உண்ணி மருந்துகள் சில நாய்களில் நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இலேயே எச்சரித்திருப்பதைப் பிறகுதான் படித்தேன். குளிசையின் வேலை 12 வாரம் நீடிக்கும். தோலில் விட்ட மருந்தென்றால் கழுவியாவது விடலாம், இதைக் கழுவ வழியில்லை.

அந்தக் காலம் முடிந்ததும் உண்ணி திரும்பும். அவளோடு ஒட்டிப் படுக்கும் பூனையும் வீட்டில் உண்டு. பெர்மெத்ரின் என்ற உண்ணி மருந்து பூனைக்கு நஞ்சு என்பதால் அதுவும் ஆகாது. தோலில் விடும் பிப்ரோனில் துளிமருந்தை யோசிக்கிறோம்.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ, இப்படி வலிப்பு வந்த நாய்க்குப் பிறகு எந்த உண்ணி மருந்தை வைத்தியரின் சொற்படி கொடுத்தீர்கள், அது ஒத்துக்கொண்டதா?